முறுக்கேணியின் மூன்று கோலங்கள்

டி.என்.ஏ. என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பது முறுக்கிய நூலேணி ஒன்றே. பாடநூலிலும் அதுதான், ஆய்வுக்கூடச் சுவரில் தொங்கும் படத்திலும் அதுதான். இரண்டு இழைகள், குறுக்கே படிகள், வலப்பக்கமாக ஒரு முறுக்கு. தேர்வில் அதை வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண்ணும் பெற்று விடுகிறோம். ஆனால் இந்த ஏணி எந்நேரமும் இப்படியே இருக்கிறதா? உலர்ந்தால் என்ன ஆகும்? உப்பு மிகுந்தால்? கொதிக்க வைத்தால்? இவற்றைக் கேட்கத் தொடங்கினால், ஒரே ஏணி மூன்று கோலங்கள் காட்டுவது தெரிய வருகிறது. அதைவிட வியப்பு என்னவென்றால், இவ்வேணியை உலகம் கண்டறிந்த கதையே அது எவ்வளவு ஈரமாக இருந்தது என்பதைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

முதலில் ஏணியின் உறுப்புகளை விரைவாகப் பார்த்து விடுவோம். பக்கக் கால்கள் இரண்டும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்தவை. படிகள் நைட்ரஜன் காரங்களால் ஆனவை. அடினின் எதிரே தைமின், குவானின் எதிரே சைட்டோசின். எந்த உயிரின் டி.என்.ஏ.வை எடுத்தாலும் அடினின் அளவும் தைமின் அளவும் சமம், குவானின் அளவும் சைட்டோசின் அளவும் சமம் என்று எர்வின் சார்காஃப் 1950-ஆம் ஆண்டிலேயே அளந்து சொல்லிவிட்டார். ஏன் சமம் என்பதுதான் அப்போது விளங்கவில்லை. இந்த ஏணியை அளக்க ஆங்ஸ்ட்ராம் என்னும் அலகு வேண்டும். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்.

இனி இலண்டனுக்குச் செல்வோம். அங்கே செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளி என்று ஒன்று உண்டு. பெண் குழந்தைகளுக்கு இயற்பியலும் வேதியியலும் முறையாகக் கற்பித்த பள்ளிகள் அக்காலத்தில் மிகச் சில. அவற்றுள் அது ஒன்று. அங்குப் பயின்ற ரோசலிண்ட் பிராங்க்ளின் 1938-இல் கேம்பிரிட்ஜ் சென்று வேதியியல் கற்றார். பின்னர் நிலக்கரியின் நுண்துளைகளை ஆராய்ந்தார். பாரிஸ் நகரில் எக்ஸ் கதிர்ப் படமெடுக்கும் கலையைக் கற்றுத் தேர்ந்தார். 1951 சனவரியில் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது, நிலக்கரியில் பழகிய கை டி.என்.ஏ.வைத் தொட்டது. நிலக்கரிக்கும் டி.என்.ஏ.வுக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். ஒழுங்கில்லாததுபோல் தோன்றும் பொருளுக்குள் ஒழுங்கைத் தேடுவதே இரண்டிலும் வேலை என்று நமக்குப் படுகிறது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ருடால்ஃப் சிக்னர் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து மிகத் தூய டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்திருந்தார். அதை ஈரமாக்கினால் கூழ்போல் ஆகும். அக்கூழைத் தொட்டு இழுத்தால், பாகிலிருந்து கம்பிப்பதம் எழுவது போல மெல்லிய நார் ஒன்று எழும். அந்த நாரின்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் படச்சுருளில் கரும்புள்ளிகளும் பட்டைகளும் விழும். அவற்றின் இடைவெளியை அளந்து உள்ளே அணுக்கள் நிற்கும் முறையைக் கணக்கிட வேண்டும். பிராங்க்ளின் வருவதற்கு முன்பே மாரிஸ் வில்கின்ஸும் ரேமண்ட் காஸ்லிங் என்னும் மாணவரும் நல்ல படங்கள் எடுத்திருந்தனர். ஆனால் அவற்றைப் படிப்பது கடினமாயிருந்தது.

கடினத்துக்குக் காரணம் ஈரம் என்று கண்டவர் பிராங்க்ளின் அம்மையார். படப்பெட்டிக்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினார். அவ்வாயு உள்ளே போகுமுன் ஓர் உப்புக் கரைசலின் வழியாகக் குமிழியிட்டுச் செல்லும்படி அமைத்தார். கரைசல் மாறினால் வாயுவின் ஈரப்பதம் மாறும். இப்படி நாரைச் சுற்றிய ஈரத்தைத் தம் விருப்பம்போல் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. ஈரப்பதம் 75 விழுக்காடு அளவில் இருந்தபோது ஒரு வகைப் படம் விழுந்தது. 92 விழுக்காட்டை எட்டியபோது முற்றிலும் வேறொரு படம். மீண்டும் உலர்த்தினால் பழைய படம் திரும்பி வந்தது! முன்பு எடுத்த படங்களில் இரண்டும் கலந்து கிடந்தன. உலர்ந்ததற்கு ‘ஏ’ வடிவம் என்றும் ஈரமானதற்கு ‘பி’ வடிவம் என்றும் பெயரிட்டனர். நம் பாடநூலில் உள்ளது ‘பி’ வடிவம். நம் உயிரணுக்குள் நீர் நிறைந்திருப்பதால் அங்கும் பெரும்பாலும் அதுவே.

இரண்டுக்கும் வேறுபாடு சிறிதன்று. ‘பி’ வடிவில் ஏணியின் அகலம் 20 ஆங்ஸ்ட்ராம்; ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைவெளி 3.4, ஒரு முழுச் சுற்றுக்குப் பத்துப் படிகள். கரைசலில் மிதக்கும்போது சரியாக அளந்தால் பத்தரை என்பர். ‘ஏ’ வடிவிலோ அகலம் 23 ஆகி, படி இடைவெளி ஏறத்தாழ 2.6 ஆகக் குறுகி, சுற்றுக்குப் பதினொரு படிகள் வருகின்றன. படிகளும் நேராகக் கிடக்காமல் சுமார் இருபது பாகை சாய்கின்றன. அச்சை விட்டு ஓரமாக ஒதுங்குகின்றன. மேலிருந்து நோக்கினால் நடுவே குழாய்போல் ஓர் ஓட்டை தெரியும். சுருங்கச் சொன்னால் ‘பி’ உயர்ந்து மெலிந்தவள், ‘ஏ’ குட்டையாய்ப் பருத்தவள். மனிதனின் ஓர் உயிரணுவில் சுமார் 600 கோடிப் படிகள் உள்ளன. நாங்கள் பெருக்கிப் பார்த்தோம்: ‘பி’ வடிவில் அவற்றின் மொத்த நீளம் இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும். அத்தனையும் ‘ஏ’ வடிவில் இருந்தால் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டில் துணி உலர்த்தும் பருத்திக் கயிறு மழையில் நனைந்தால் தடித்து, குறுகி, விறைத்து நிற்கும். டி.என்.ஏ. நாரோ நனைந்தால் நீண்டு மெலிகிறது. நேர் எதிர்! காரணம் சர்க்கரையில் இருக்கிறது. அந்தச் சர்க்கரை ஐந்து மூலைகள் கொண்ட வளையம், ஆனால் தட்டையானதன்று. கடித உறையின் மடிப்பு மேலே தூக்கி நிற்பதுபோல ஒரு மூலை தூக்கி நிற்கும். ‘பி’ வடிவில் தூக்கி நிற்பது இரண்டாம் கார்பன். ‘ஏ’ வடிவில் மூன்றாம் கார்பன். இச்சிறு மடிப்பு மாறியதும் இரு பக்கத்துப் பாஸ்பேட்டுகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன, ஏணி குட்டையாகிறது. நீர் மிகுதியாக இருக்கும்போது ஒவ்வொரு பாஸ்பேட்டும் தனக்கென நீர் மூலக்கூறுகளைச் சூழ வைத்துக் கொண்டு விலகி நிற்கும். நீர் குறைந்தால் இரண்டு பாஸ்பேட்டுகள் ஒரே நீரைப் பங்கிட வேண்டியதாகும். பஞ்ச காலத்தில் இரு வீட்டார் ஒரு குடத்தைப் பகிர்வதை ஒத்தது இது.

இனிக் கதையின் வருத்தமான பகுதி. 1951 நவம்பரில் பிராங்க்ளின் தம் ஆய்வைக் கிங்ஸ் கல்லூரியில் எடுத்துரைத்தார். அதைக் கேட்க வந்திருந்த ஜேம்ஸ் வாட்சன், டி.என்.ஏ.வில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைத் தவறாக நினைவில் கொண்டு கேம்பிரிட்ஜ் திரும்பினார். அவரும் பிரான்சிஸ் கிரிக்கும் உடனே ஒரு மாதிரி கட்டினர்: மூன்று இழைகள், பாஸ்பேட்டுகள் நடுவிலே. அதைக் காண அழைக்கப்பட்ட பிராங்க்ளின், டி.என்.ஏ. உறிஞ்சும் நீருக்கு இதில் இடமே இல்லையே, பாஸ்பேட்டுகள் வெளிப்புறம் அல்லவா இருக்க வேண்டும் என்று காட்டினார். மாதிரி அன்றே கைவிடப்பட்டது. 1953 தொடக்கத்தில் புகழ்பெற்ற லைனஸ் பாலிங் என்பவரும் அமெரிக்காவில் மூன்றிழை மாதிரி ஒன்றையே வெளியிட்டார், அதுவும் நிற்கவில்லை. (மூன்றிழை முறுக்கு உயிர்ப்பொருளில் இல்லாமல் இல்லை. நம் தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் அப்படிப்பட்டதென்று 1954-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இதே எக்ஸ் கதிர் முறையால் காட்டினர்.)

1952 மே மாதம் பிராங்க்ளின் மேற்பார்வையில் காஸ்லிங் எடுத்த ‘பி’ வடிவப் படம் ஒன்று, 51 என்னும் எண்ணால் இன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது. அறுபது மணி நேரத்துக்கும் மேலாகக் கதிர் பாய்ச்சிப் பெற்ற படம். நடுவே பெரிய பெருக்கல் குறி. அது சுருள் வடிவின் அடையாளம். மேலும் கீழும் அடர்ந்த இரு கரும்பட்டைகள், அவை 3.4 ஆங்ஸ்ட்ராம் படி இடைவெளியைச் சொல்லும். 1953 சனவரியில் இப்படத்தை வில்கின்ஸ், பிராங்க்ளின் அறியாமலே, வாட்சனுக்குக் காட்டினார்.

எல்லாரும் 51-ஆம் படத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எங்களுக்கோ ‘ஏ’ வடிவின் பங்கு மறக்கப்பட்டு விட்டதாகத் தோன்றுகிறது. ஈரமான ‘பி’ சுருள் என்று கூவிச் சொன்னது உண்மை. ஆனால் இரு கால்களும் ஒரே திசையில் போகின்றனவா, எதிரெதிரே போகின்றனவா? அதைச் சொன்னது உலர்ந்த ‘ஏ’. பிராங்க்ளின் அதன் படிக ஒழுங்கை அளந்து, 1952 இறுதியில் ஓர் அறிக்கையில் சேர்த்திருந்தார். தலைகீழாகத் திருப்பினாலும் அதே தோற்றம் தரும் ஒழுங்கு அது. அறிக்கை கைக்கு வந்ததும் கிரிக் பொருளைப் புரிந்து கொண்டார். அவர் ஆராய்ந்து வந்த குதிரையின் ஹீமோகுளோபின் படிகமும் அதே ஒழுங்குடையது. ஓர் இழை மேல்நோக்கி ஓடினால் மற்றது கீழ்நோக்கி ஓடுகிறது! பிப்ரவரி இறுதியில் வாட்சன் காரங்களின் சோடியைப் பொருத்திக் கண்டார். ஏப்ரல் 25 ‘நேச்சர்’ இதழில் மூன்று கட்டுரைகள் வந்தன; பிராங்க்ளினும் காஸ்லிங்கும் எழுதியது மூன்றாவது. அதே ஆண்டு சூலையில் ‘ஏ’ வடிவமும் இரட்டைச் சுருளே என்று அவ்விருவரும் தனியாக நிறுவினர். 1958 ஏப்ரலில், 37 வயதில், பிராங்க்ளின் புற்றுநோயால் காலமானார். 1962-இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். எழுபது ஆண்டு கழித்து, 2023-இல், அதே ‘நேச்சர்’ இதழில் வரலாற்றறிஞர் இருவர் பிராங்க்ளினை நால்வருள் சம பங்காளியாகவே கொள்ள வேண்டும் என்று எழுதினர். எழுபது ஆண்டு நீண்ட காலந்தான்.

எங்கள் வகுப்பினர் அறிவியல் கண்காட்சிக்காகக் கம்பியும் அட்டையும் கொண்டு ஓர் ஏணி செய்திருந்தோம். காரச் சோடிகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை நூலால் காட்டினோம்: அடினின்-தைமினுக்கு இரண்டு நூல், குவானின்-சைட்டோசினுக்கு மூன்று. பார்வையிட வந்த ஒரு தாயார் குனிந்து நோக்கிவிட்டு, “ஏம்மா, இந்த ரெண்டு மூணு நூலா இத்தனையையும் தாங்குது?” என்று கேட்டார்கள். மிக நல்ல கேள்வி. உண்மையில் நூல் மட்டும் தாங்கவில்லை.

இரண்டு இழைகளும் பிரிந்து தனித்தனியே நீரில் இருந்தால், அக்காரங்கள் நீருடனேயே ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளும். ஆகவே சோடி சேர்வதால் கிடைக்கும் இலாபம் நாம் எண்ணுவதுபோல் பெரிதன்று. யார் யாருடன் சேர வேண்டும் என்று தீர்மானிப்பதே அப்பிணைப்புகளின் முதன்மையான தொழில். ஏணியை நிலைநிறுத்தும் பெரும் வலிமை படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதில் இருக்கிறது. காரங்கள் தட்டையானவை, அவற்றின் தட்டைப் பக்கம் நீரை விரும்பாது. தட்டுகளை அடுக்கி வைப்பதுபோல நெருங்கி அடுக்கினால் இடையில் நீருக்கு இடமில்லை. அருகருகே உள்ள காரங்களின் ஈர்ப்பும் சேர்ந்து கொள்கிறது. முறுக்கு விழுவதும் இதனால்தான். முறுக்காத நேர் ஏணியில் படிகளுக்கு நடுவே சந்து விழும். திருகினால் சந்து மூடும்.

இன்னொரு காவலும் வேண்டும். பாஸ்பேட்டுகள் ஒவ்வொன்றும் எதிர்மின்னேற்றம் உடையவை. ஒரே வகை மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பதை எட்டாம் வகுப்பிலேயே படித்தோம். இரு கால்களும் ஒன்றையொன்று தள்ளிப் பிரியாமல் காப்பவை சோடியம், மக்னீசியம் முதலிய நேர்மின் அயனிகள். சமையலறை உப்பில் இருக்கும் அதே சோடியம்! உப்பே இல்லாத தூய நீரில் டி.என்.ஏ. மிகக் குறைந்த வெப்பத்திலேயே பிரிந்து விடும்.

உப்புக் கரைசலில் இருக்கும் டி.என்.ஏ.வைச் சூடாக்கினால் வழக்கமாக 80 முதல் 95 டிகிரி செல்சியசுக்குள் இழைகள் பிரிகின்றன. இதை ‘உருகுதல்’ என்பர். பனிக்கட்டி உருகுவதுபோல் குறுகிய வெப்ப எல்லைக்குள் நடந்து முடிவதால் அப்பெயர். குவானின்-சைட்டோசின் மிகுந்த டி.என்.ஏ. உருக அதிக வெப்பம் வேண்டும். உருகியது மெல்லக் குளிர்ந்தால், ஒவ்வோர் இழையும் தன் சோடியைத் தேடிப் பிடித்து மீண்டும் ஏணியாகி விடும். கலைந்த கூட்டத்தில் தமக்கையும் தங்கையும் ஒருவரையொருவர் கண்டுகொள்வது போல! 1983-இல் கேரி முல்லிஸ் கண்ட பி.சி.ஆர். முறை இதன்மேல் எழுந்ததே. 95 டிகிரி அளவில் பிரித்து, குளிர்வித்துத் தொடக்க இழைகளை ஒட்டி, நொதியால் நகலெடுத்து, மீண்டும் பிரித்து, ஒன்றை இரண்டாகவும் இரண்டை நான்காகவும் பெருக்குகிறார்கள். 2020-இல் கொரோனாப் பரிசோதனைக்காக நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியிலும், வைரசின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி இதைத்தான் செய்தார்கள். டி.என்.ஏ. உருகாத பொருளாயிருந்தால் அப்பரிசோதனையே இல்லை. உயிரணுவும் நகலெடுக்கும்போது ஏணியைத் திறந்தாக வேண்டும். அதனால் அடினின்-தைமின் மிகுந்த இடங்கள் எளிதில் திறக்கும் கதவுகளாகப் பயன்படுகின்றன.

மூன்றாம் கோலத்துக்கு வருவோம். கடையில் வாங்கும் சாதாரணத் திருகாணியின் புரி எப்படிச் செல்கிறதோ அப்படித்தான் ‘ஏ’யும் ‘பி’யும் திருகுகின்றன, இது வலத்திருகு. (சங்கை உவமை சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் நம்மவர் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கை விலங்கியலார் இடச்சுருள் என்று எழுதுகின்றனர். ஆகவே திருகாணியோடு நிறுத்திக் கொள்வோம்.) 1972-இல் போல், ஜோவின் என்னும் இருவர், குவானினும் சைட்டோசினும் மாறி மாறி வரும் டி.என்.ஏ.வை மிக மிக உப்பான கரைசலில் இட்டபோது, ஒளியைக் கொண்டு செய்த சோதனை ஏறத்தாழத் தலைகீழான விடை தந்தது. 1979-இல் அமெரிக்காவில் அலெக்சாண்டர் ரிச்சும் ஆண்ட்ரூ வாங்கும் ஆறே படிகள் கொண்ட அத்தகைய டி.என்.ஏ.வைப் படிகமாக்கி அணு அணுவாக நோக்கினர். ஏணி இடத்திருகாக இருந்தது! நாரை விட்டுவிட்டு ஒற்றைப் படிகத்தில் இரட்டைச் சுருளை இவ்வளவு நுட்பமாகக் காணக் காத்திருந்தவர்களுக்கு முதலில் வந்து நின்றது, யாரும் எதிர்பாராத இடத்திருகு. அதன் கால்கள் வளைந்து நெளிந்து செல்வதால் ‘இசட்’ வடிவம் என்று பெயர் வைத்தனர். அகலம் 18 ஆங்ஸ்ட்ராம், சுற்றுக்குப் பன்னிரண்டு படி. மூன்றிலும் மெலிந்தது இதுவே. பாஸ்பேட்டுகள் இதில் மிக நெருங்கி நிற்பதால்தான் அத்தனை உப்பு தேவைப்பட்டது.

அப்படியானால் உப்புக் கடலாக இல்லாத நம் உயிரணுவில் ‘இசட்’டுக்கு என்ன வேலை? பல ஆண்டுகள் அதை ஆய்வுக்கூட விந்தை என்றே பலர் ஒதுக்கினர். ஆனால் டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ. செய்யும் நொதி முன்னேறிச் செல்லும்போது, அதன் பின்னால் விடப்பட்ட ஏணியில் முறுக்குத் தளர்கிறது. அந்தத் தளர்ச்சியின் இழுப்பே உப்பு செய்த வேலையைச் செய்து, சிறு பகுதியை இடத்திருகாக்கி விடும். 1990-களில் ரிச்சின் குழுவினர், ‘இசட்’ வடிவைத் தேடிப் பற்றும் தனிப் பகுதி ஒன்று அடார்-1 என்னும் மனிதப் புரதத்தில் இருப்பதைக் காட்டினர். பூட்டு இல்லாத ஊரில் சாவி செய்வார் உண்டோ!

‘ஏ’ வடிவுக்கும் இதே கேள்வி உண்டு. அதன் முதல் விடை ஆர்.என்.ஏ.யில் இருக்கிறது. ஆர்.என்.ஏ. சர்க்கரையின் இரண்டாம் கார்பனில் கூடுதலாக ஓர் ஆக்சிஜன் உண்டு. அது இல்லாததால்தான் டி.என்.ஏ.வின் பெயரில் ‘டிஆக்சி’ என்னும் முன்னொட்டு. அந்த ஆக்சிஜன் இருப்பதால் ‘பி’ வடிவின் மடிப்பு வசதிப்படாது. எனவே இரட்டை ஆர்.என்.ஏ. எவ்வளவு நனைந்தாலும் ‘ஏ’ கோலத்திலேயே இருக்கும். இரண்டாம் விடை பேசில்லஸ் இனப் பாக்டீரியாக்கள். அவை உணவின்றி உறங்கும் வித்தாக மாறும்போது, சிறு புரதங்கள் டி.என்.ஏ.வைப் போர்த்திக்கொண்டு ‘ஏ’ வடிவை ஒட்டிய நிலைக்குக் கொண்டு வருகின்றன. அந்நிலையில் புறஊதாக் கதிரின் கேடு குறைகிறது.

மூன்றாம் விடை 2015-இல் வந்தது. வெந்நீர் ஊற்றுகளில், 80 டிகிரி வெப்பத்தில், புளித்த அமிலத்தில் வாழும் சல்ஃபோலோபஸ் என்னும் நுண்ணுயிரைத் தாக்கும் கோல் வடிவ வைரஸ் ஒன்றை மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். துணி ஒன்றை அதில் விட்டால் நைந்து போகும், டி.என்.ஏ. எப்படிப் பிழைத்தது? பார்த்தால், அதன் டி.என்.ஏ. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, புரதம் இறுக அணைத்து நீரை விலக்கி நிற்க, 1951-இல் இலண்டனில் உலர்ந்த நாரில் கண்ட அதே ‘ஏ’ வடிவில் இருந்தது.